கடனை நம் கைக்குக் கொண்டுவருவோம்: களனிக் கரைப் பெண்களின் கொள்கைப் பிரகடனம்

களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரம் தொடங்கி மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், தொட்டலங்க என்று ஆற்றோரமாகவும், தெற்கே வெள்ளவத்தைக் கால்வாய்க் கரை வரையிலும் குடியிருக்கும் பெண்கள் நாங்கள். விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறோம். துணி தைக்கிறோம், மீன் விற்கிறோம், கோயில் வாசலில் பூ கட்டுகிறோம், வெள்ளவத்தை மாடிவீடுகளில் சமைத்துத் துடைத்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறோம். எங்கள் ஆண்களில் பலர் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்கிறார்கள். சரக்கு வந்த நாளில்தான் அவர்கள் கையில் காசு. எங்களில் தமிழர் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, சிங்களவர் உண்டு. எங்கள் எல்லாருடைய வீட்டிலும் ஏதோ ஒரு கடன் புத்தகம் உண்டு.

கடன் வாங்குவதை நிறுத்துங்கள் என்று எங்களுக்குப் புத்தி சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது. நாளுக்கு நாள் உழைத்துத் தின்பவளுக்கு வருமானம் ஒரு நாள் வரும், மறுநாள் வராது; அரிசிக் கடையும் பள்ளிக்கூடமும் காய்ச்சலும் அதற்காகக் காத்திருப்பதில்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் கடன். காலையில் 5,000 ரூபாய் வாங்கி மீன் எடுத்து, மாலையில் 5,250 ஆகத் திருப்பிக் கொடுக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். மாதத்தில் 25 நாள் வியாபாரம் நடந்தால் வட்டி மட்டும் 6,250 ரூபாய். வாங்கிய முதலை விட வட்டி கூட, அப்படியும் முதல் அவளுக்குச் சொந்தமாகவில்லை. மீற்றர் வட்டி என்று நாம் சொல்வது இதைத்தான். அதே 5,000 ரூபாயை மாதம் 1 சதவீத வட்டிக்கு யாராவது கொடுத்திருந்தால் அவள் கட்ட வேண்டியது 50 ரூபாய். மிச்சம் 6,200 ரூபாய் பிள்ளைகளின் பால் மாவும் கொப்பியும் வீட்டு வாடகையுமாக மாறியிருக்கும். சிறு கடன் வறுமையைக் குறைக்கும் என்று நாங்கள் நம்புவது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். அதனால்தான் கடனைக் கைவிடுவதற்குப் பதிலாக, அதன் சொந்தக்காரர் யார் என்பதை மாற்றுவதற்கு இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

சிறு கடன் என்றதும் உலகம் வங்காளதேசத்தைச் சொல்கிறது. 1976 இல் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தன் கையிலிருந்து கொடுத்த 856 டாக்கா அந்தக் கதையின் தொடக்கம். 1983 இல் அது கிராமீன் வங்கியானது. 2006 இல் நோபல் சமாதானப் பரிசு வந்தது. அந்த வங்கியின் பெரும்பகுதிப் பங்குகள் கடன் வாங்கிய பெண்களிடமே இருந்தன என்பதை மட்டும் உலகம் சீக்கிரம் மறந்துவிட்டது. ஐந்து பெண்களைச் சேர்த்து உட்காரவைப்பது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களைப் பொறுப்பாக்குவது, கிழமைக்குக் கிழமை வசூலிப்பது ஆகிய முறைகளை எடுத்துக்கொண்ட கம்பனிகள் பங்குரிமையை எடுத்துக்கொள்ளவில்லை. இலாபம் வேறெங்கோ போனது. ஆந்திராவில் 2010 ஒகஸ்டில் இப்படியொரு கம்பனி பங்குச் சந்தைக்குப் போனது. அதே ஆண்டு ஒக்டோபரில் கடன் நெருக்குதலாலும் தற்கொலைகளாலும் அங்குள்ள அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 2009 இல் யுத்தம் முடிந்ததும் இந்தக் கம்பனிகள் வடக்குக்கும் கிழக்குக்கும் போயின. கணவனை இழந்தவள், வீட்டை இழந்தவள், எந்த வங்கியும் வாசலில் நிற்க விடாதவள், இவர்களின் முற்றத்தில் போய்க் கூட்டம் வைத்தன. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. 2018 இல் இங்கே வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, ஆண்டுக்கு 220 சதவீதம் வரை வட்டி எடுக்கப்படுவதையும், தவணை கட்ட முடியாத பெண்களிடம் வசூலிப்பவர்கள் உடலைக் கேட்பதையும் பதிவு செய்தார். அந்த ஆண்டு அரசு 35 சதவீத உச்ச வட்டியை அறிவித்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்யவும் முன்வந்தது. கொழும்பு அந்தப் பட்டியலில் இல்லை. நகரத்துக் கடன் அரசின் கண்ணுக்கு வரட்சியாகத் தெரியவில்லை.

2021 மார்ச் 8 ஆம் திகதி, பெண்கள் தினத்தில், பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கினார்கள். ஐம்பது நாட்களுக்கு மேல் இருந்தார்கள். நாடு முழுவதிலும் 200க்கு மேற்பட்ட பெண்கள் இந்தக் கடன்களால் உயிரை விட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் உரத்துச் சொன்னார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் சிங்களத் தாய்மார். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் நம் சகோதரிகள் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் அவர்களும் சொன்னார்கள். இந்த இயக்கம் அவர்களுக்குக் கடமைப்பட்டது. எங்கள் கூட்டங்கள் தமிழிலும் சிங்களத்திலும் நடக்கும், எங்கள் புத்தகங்கள் இரண்டு மொழியிலும் எழுதப்படும் என்பது அங்கிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட முதல் தீர்மானம்.

வட்டிக் கணக்கை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. 50,000 ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 24 சதவீதம், 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும் என்கிறார்கள். வட்டி 12,000, மொத்தம் 62,000, கிழமைக்கு 1,192 ரூபாய் சொச்சம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். ஆறு மாதம் போனதும் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறையப் பாதிக் காசுதான். வட்டியோ முழு 50,000 ரூபாய்க்கும் ஓடுகிறது. மிச்சமுள்ள முதலுக்கு மட்டும் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 44 சதவீதம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று கையில் கொடுக்கும்போதே 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டால் அது 53 சதவீதத்தை நெருங்கும். 24 என்ற இலக்கம் கடன் தாளில் மட்டும்தான் இருக்கிறது. நாங்கள் அமைக்கப் போகும் சங்கங்களில் மிச்சமுள்ள முதலுக்கு மட்டுமே வட்டி. அதைத் தவிர வேறு கணக்கு முறை நுழையாது.

அந்த 44 சதவீதத்தைக் கட்டக்கூடிய வியாபாரம் எது? யுத்த காலத்திலேயே, சுனாமிக்குப் பின்னர், களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நானூறு அளவிலான சிறு தொழில்களில் குலுக்கலில் விழுந்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாயை இனாமாகக் கொடுத்து என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அந்தக் காசு சராசரியாக மாதம் 5 சதவீத அளவுக்கு வருமானம் தந்தது. ஏழையின் கையில் முதல் வந்தால் அவர் அதைப் பெருக்குவார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் பிரித்துப் பார்த்தபோது பலன் முழுவதும் ஆண்களின் தொழில்களில்தான் தெரிந்தது. பெண்களின் தொழில்களில் இலாபம் உயரவில்லை. பெண்ணுக்குத் திறமை இல்லை என்று இதைப் படித்தவர்கள் உண்டு. பின்னர் வந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின: வீட்டில் கணவனுக்கும் ஒரு தொழில் இருந்தால் பெண்ணுக்கு வந்த காசு அங்கே போய்விடுகிறது. எங்களுக்கு இது புதிய செய்தி இல்லை. லோன் புத்தகம் அவள் பெயரில், முச்சக்கர வண்டி அவர் பெயரில், தவணை நாளில் தலைகுனிந்து நிற்பது மட்டும் அவள் என்பதை நகரத்தின் எந்தக் குடிசைத் தோட்டத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆகவே நாங்கள் பெரிய வாக்குறுதி எதையும் கொடுக்கப் போவதில்லை. 2015 இல் பொஸ்னியா, எதியோப்பியா, இந்தியா, மெக்சிக்கோ, மொங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளின் ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின. நுண்கடன் சிறிதளவு நன்மை செய்கிறது, வாழ்க்கையைப் புரட்டிப்போடவில்லை என்பதே அவற்றின் முடிவு. நாங்கள் அதை ஏற்கிறோம். கடன் கூலியை உயர்த்தாது. ஆஸ்பத்திரியில் மருந்து வைக்காது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்குள் 70 சதவீத அளவுக்கு ஏறியபோது எந்தக் கடனும் எங்களைக் காப்பாற்றியிருக்காது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2019 இல் 11.3 சதவீதமாக இருந்த வறுமை 2023 இல் 25.9 சதவீதம் ஆனது, நாலில் ஒருவர். அந்த நாலில் ஒருவருக்கு அரசு செய்ய வேண்டியதை எங்கள் சேமிப்பின் தலையில் கட்ட நாங்கள் இடங்கொடுக்க மாட்டோம். அரசின் அஸ்வெசும நலன்புரி உதவி கிடைக்க வேண்டிய குடும்பத்துக்கு அது கிடைக்கும்வரை பிரதேச செயலகத்துக்கு அந்தக் குடும்பத்துப் பெண்ணோடு நாங்களும் போவோம். அதுவும் சங்கத்தின் வேலை.

இனி எங்களிடம் ஏற்கெனவே இருப்பதைச் சொல்கிறோம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சீட்டுப் பிடிக்காத ஒழுங்கை உண்டா? வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மாதாமாதம் சீட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறோம். யாரும் வீட்டுக்கு வந்து கத்துவதில்லை, யாரும் பத்திரம் கேட்பதில்லை, அப்படியும் காசு வந்து சேருகிறது. ஏழைகளால் சேமிக்க முடியாது என்பவர்களுக்கு எங்கள் பதில் சீட்டு. இரண்டாம் பிள்ளையின் காதணியும், முதல் தையல் மெஷினும், வெளிநாடு போன தம்பியின் ஏஜன்சிக் காசும் சீட்டில் வந்தவை. ஆனால் சீட்டின் குறைகளும் எங்களுக்குத் தெரியும். அவசரத்துக்கு நம் முறை வராது. ஏலச்சீட்டில் தேவை அதிகமுள்ளவளே அதிகம் தள்ளி எடுக்கிறாள், அதாவது கஷ்டப்பட்டவளின் கழிவை வசதியானவள் பங்கிடுகிறாள். சீட்டை நடத்தும் தாய்ச்சி ஓடிப்போனால் கேட்பதற்கு எந்தத் தாளும் இல்லை. சீட்டின் நம்பிக்கையை வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு புத்தகமும் சட்டமும் கொடுப்பதே எங்கள் திட்டத்தின் நடு.

இதை நாங்கள்தான் முதலில் யோசித்தோம் என்று சொல்லவும் மாட்டோம். இந்த நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1911 இலேயே வந்துவிட்டது. தளர்ந்து கிடந்த சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களை பி. ஏ. கிரிவந்தெனிய 1978 முதல் சணச இயக்கமாக எழுப்பினார். எங்களுக்கு இன்னும் நெருங்கிய முன்னோர் இதே நகரத்தில் இருக்கிறார்கள். அரசின் பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தின் வழியாகக் கூடத் தொடங்கிய கொழும்புக் குடிசைப் பகுதிப் பெண்கள், 1989 இல் சின்னச் சின்னக் குழுக்களாகக் கிழமைக் கிழமை சில ரூபாய்களைச் சேர்த்தார்கள். 1991 இல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தார்கள். காந்தா பேங்க், பெண்கள் வங்கி, என்று நாம் அறிவது அதுதான். வெளியிலிருந்து அதிகாரிகளை வைக்காமல் கணக்கெழுதுவதிலிருந்து கடன் தீர்மானிப்பது வரை உறுப்பினர்களே செய்தார்கள். குடிசைகளில் வாழ்ந்த பெண்களால் நாடளாவிய ஒரு நிறுவனத்தை நடத்த முடியும் என்று காட்டினார்கள். அதே 1989 இல் கடலுக்கு அப்பால் தருமபுரியில் தமிழ்நாட்டு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. கொழும்பிலும் தருமபுரியிலும் சேமிப்பு முன்னால் வந்தது, கடன் பின்னால் வந்தது. ஹிங்குராக்கொடையில் உட்கார்ந்தவர்களுக்கு நேர்ந்தது இதன் தலைகீழ்.

ஆகவே எங்கள் சங்கங்கள் இப்படி நடக்கும். ஒரே ஒழுங்கையிலோ ஒரே தொடர்மாடியிலோ உள்ள பத்துப் பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. கிழமைக்கு 200 ரூபாய் சேர்ப்பார்கள். அதுவும் முடியாத இடத்தில் குழு கூடிக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே தொகை. பத்துப் பேரின் 200 ரூபாய் ஒரு வருடத்தில் 1,04,000 ஆகும். முதல் ஆறு மாதம் யாருக்கும் கடன் இல்லை. பலருக்கு இது கசக்கும். ஆனால் தன் காசு உள்ளே இருக்கிற பெட்டியைத்தான் ஒருத்தி காவல் காப்பாள். அதன் பிறகு சேமிப்பின் மூன்று மடங்கு வரை, மாதம் 1 சதவீத வட்டிக்கு. அந்த வட்டியில் இடர் நிதிக்கு ஒதுக்கியது போக மிச்சம் வருட முடிவில் உறுப்பினர்களின் சேமிப்புக் கணக்குக்கே திரும்பும்.

முதற் கடன்கள் மீற்றர் வட்டியை அடைக்கவும் செட்டியார் தெருவில் அடகில் கிடக்கும் நகையை மீட்கவும் போகும். புதுத் தொழில் பிறகு. உண்மையில் கடன் எதற்கு என்று நாங்கள் துருவப் போவதும் இல்லை. கம்பனிகள் தொழில் என்று எழுதச் சொன்னதால், செத்த வீட்டுச் செலவுக்கு வாங்கிய கடனையும் கோழிப் பண்ணை என்று எழுதி வந்தோம். இனி மருந்து என்றால் மருந்து, பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளிக் கட்டணம். ஆனால் காசை எடுத்தவள்தான் செலவழிக்க வேண்டும். கணவனின் கையெழுத்துக் கேட்கப்படாது. கணவனுக்காக எடுக்கும் கடனும் கொடுக்கப்படாது. நாட்டாமைமாருக்கும் மற்ற ஆண்களுக்கும் தனிக் குழு அமைத்துக்கொள்ள உதவுவோம்.

திருப்பிக் கட்டுவதைப் பற்றித்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம். தவணைக் கூட்டத்தில் ஒருத்தியின் 1,192 ரூபாய்க்காக மற்ற எல்லாரையும் வீட்டுக்குப் போகவிடாமல் இருத்திவைத்த கம்பனிக் கூட்டங்களில் நாங்கள் இருந்திருக்கிறோம். பசித்த பிள்ளை வீட்டில் தனியே இருக்க, பக்கத்து வீட்டுக்காரியை நாமே திட்டினோம். திட்ட வைத்தவர் வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்தார். அயலவரை வசூல்காரராக்கியது அந்த முறை செய்த மிகப் பெரிய கேடு. பணத்தை ஒருநாள் கட்டிவிடலாம். முறிந்த அயல் உறவு பலருக்கு இன்னும் ஒட்டவில்லை. ஆகையால் எங்கள் சங்கத்தில் யாரும் யாருடைய வீட்டுக்கும் வசூலுக்குப் போகக் கூடாது. தவணை அவரவர் வருமானத்தைப் பார்த்து வைக்கப்படும்: இடியப்பக்காரிக்கு நாளுக்கு நாள், வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு மாதத்துக்கு ஒருமுறை. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்து முகத்துவாரத்துப் படகுகள் கரையில் கிடக்கும் மாதங்களில் மீன்காரிக்கு ஓய்வு. 2016 மே மாதம் களனி பெருகி கொலன்னாவையும் ஆற்றோர வீடுகளும் தண்ணீருக்குள் கிடந்தபோதும் தவணை தவணையாகவே கேட்கப்பட்டது. எங்கள் சங்கத்தில் வெள்ளம் வந்தால் எல்லாத் தவணையும் நிற்கும். வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு இப்படியான இடர்களுக்கான நிதியாகத் தனியே வைக்கப்படும். நோயாலோ சாவாலோ ஒருத்தி விழுந்தால் அவளுடைய தவணையை அந்த நிதி ஏற்கும். வேண்டுமென்று கட்டாதவளுக்கு அடுத்த கடன் இல்லை, அவள் சேமிப்பும் பிடிக்கப்படும். அவள் பெயர் சுவரில் ஒட்டப்படாது.

தொடர்மாடிகளுக்குக் குடிபெயர்க்கப்பட்ட சகோதரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் வாசற்படியே கடையாக இருந்தது. வடைச் சட்டியை வைத்தால் வியாபாரம். பத்தாம் மாடியில் யார் வருவார்கள்? மின்கட்டணமும் மாதக் கொடுப்பனவும் வந்தன, வருமானம் கீழேயே நின்றுவிட்டது. அவர்களுக்குக் கடன் மட்டும் கொடுப்பது பாவம். கீழ்த்தளத்தில் சந்தைக்கு இடம் ஒதுக்கும்படி நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் அவர்களோடு சேர்ந்து கேட்போம்.

அரசிடம் கேட்பவை வேறும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பெறும் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுப்பவர்கள் அதன் கைக்கு வெளியே நின்றார்கள். ஆகவே எங்கள் கோரிக்கை: கடன் கொடுத்து இலாபம் எடுக்கும் எவரும் அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். கடன் தாளின் முதல் வரியில், வாங்குபவளின் மொழியில், உண்மையான ஆண்டு வட்டி எழுதப்பட வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பின் வசூலுக்கு வருவதும், பிள்ளையின் பள்ளிக்கும் வேலை செய்யும் வீட்டுக்கும் தொலைபேசி எடுப்பதும் குற்றமாக வேண்டும். அதே நேரம், தங்கள் சேமிப்பைத் தங்களுக்குள் சுற்றவிடும் பெண்களைக் கடன் கம்பனியோடு ஒரே கயிற்றில் கட்டும் எந்தச் சட்டத்தையும் எதிர்ப்போம்.

வெள்ளவத்தையின் படித்த வீடுகளுக்கும் அழைப்பு விடுக்கிறோம். ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்கள், கணக்காளர்கள், ஆசிரியர்கள் அங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். ஐயா, அம்மா, உங்கள் நன்கொடை எங்களுக்கு வேண்டாம். வெளிக்காசு வந்தால் பெட்டியின் சாவியும் வெளியே போய்விடும். உங்கள் கண் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து எங்கள் புத்தகங்களைப் பாருங்கள், எங்கள் பெண்களுக்குக் கணக்குப் பதிவு பழக்குங்கள். கூட்டத்தில் உங்களுக்கு வாக்கு இருக்காது. மரியாதையும் தேநீரும் இருக்கும்.

தேர்தலில் நிற்பவர் எவரும் சங்கப் பொறுப்பில் இருக்க முடியாது. வட்டிக்குக் கொடுப்பவர் உறுப்பினராக முடியாது. தலைவியும் பொருளாளரும் இரண்டு வருடத்துக்கு மேல் தொடர முடியாது. அதற்குள் தன் இடத்துக்கு இன்னொருத்தியைப் பழக்கியிருக்க வேண்டும். இயக்கத்தின் பெயரைக் குழுக்கள் அமைந்து கூடிய பிறகு அவையே வைக்கும்.

முதற் கூட்டத்துக்கு வருகிறவர்கள் காசு கொண்டுவரத் தேவையில்லை. உங்களிடமுள்ள கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, இதுவரை கட்டியது எவ்வளவு, எந்த நகை எங்கே இருக்கிறது. கணவனுக்குத் தெரியாத கடனும் அதில் இருக்கட்டும். அந்தத் தாளை உங்கள் குழுவின் பத்துப் பேரைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். எழுத வராதவர்கள் வந்து சொல்லுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.